சீச்சியும் மஞ்சள் பசையும்

அவளுக்குச் சீச்சி என்று பேர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். பால் தம்ளரில் ஆடை மிதந்தால் "சீ". சோப்பில் ஒற்றை முடி ஒட்டியிருந்தால் "சீச்சீ". பக்கத்தில் உட்கார்ந்தவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். அண்ணனுக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. அவள் எதிரே வந்து உட்கார்ந்து, பாலாடையை இரண்டு விரலால் தூக்கி ஆட்டிக் காட்டி, அண்ணாந்து வாய்க்குள் விட்டுக்கொள்வான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கல்யாணமாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் படகுத்துறையில் யாரும் அவளைச் சொந்தப் பேரால் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்குச் சீச்சியக்கா, மற்றவர்களுக்கு வெறும் சீச்சி.

இப்படிப்பட்டவள் படகுப் பட்டறையில் என்ன செய்தாள் என்று கேட்பவர்கள் உண்டு. பட்டறை அப்பாவுடையது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கைக்கு வந்தது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் அங்கேதான் வேலை, அவள் மட்டும் எங்கே போவாள்? ஆனால் படகுப் பட்டறையைப் போல அருவருப்பான இடம் வேறு இல்லை. தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்திய படகின் அடிவயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைப் பாசி கோழையாக வழியும். சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, வெயில் பட்டதும் செத்து நாறும். உள்ளே அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் டீசலும் சோற்றுப் பருக்கையும் மிதக்கும். கழிவுத் தொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் ஒவ்வொரு வேலையாகத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் குமட்டிக்கொண்டு ஓடி வந்து, கடைசியில் பாய்மரத்தில் வந்து நின்றாள்.

பாய்மரம் என்று இப்போதும் சொல்கிறோமே தவிர, அதில் மரம் ஏது? நீளமான அலுமினியக் குழாய். பாரந்தூக்கியால் படகிலிருந்து உருவி எடுத்து, கொட்டகைக்குள் தாங்கிகள் மேல் கிடத்தி வைப்பார்கள். படகிலேயே அழுக்குத் தண்ணீரைத் தொடாத ஒரே உறுப்பு அதுதான். வழவழவென்று, வெள்ளி நிறத்தில், கை வைத்தால் சில்லென்று இருக்கும். 'இது போதும் எனக்கு' என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பாய்க்கயிற்றை இழுத்துச் சுற்றும் வின்ச், கயிற்றைக் கட்டும் கொண்டி, பாயின் அடிக்கழியைத் தாங்கும் இணைப்பு, கம்பி பிடிக்கும் பட்டை என்று பாய்மரத்தில் பொருத்த வேண்டிய உருப்படிகள் நிறைய. அத்தனையையும் ஓட்டை போட்டு, திருகாணி பிடிக்கும் மரை வெட்டி, திருகி முடுக்குவது அவள் வேலை ஆயிற்று. கணவன் அதே துறைமுகத்தில் பாய் தைப்பவன். அவன் துணியோடு, இவள் உலோகத்தோடு.

பாய்மரமும் அழுகும் என்று அவளுக்குத் தெரிய வந்தது ஒரு பழைய படகைப் பிரித்தபோது. கொண்டி ஒன்றைக் கழற்றினாள். கொண்டி பளபளவென்று வந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில், புளித்த மாவைப் போல வெள்ளையாக, ஈரமாக, பொங்கிப் போய் ஏதோ இருந்தது. திருகாணியின் முனையில் அது பொருக்குப் பொருக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. புண்ணில் வைத்த கட்டைப் பிரித்தது மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

நாம் வீட்டில் எவர்சில்வர் என்கிறோமே, அந்தத் துருப்பிடிக்காத எஃகில்தான் திருகாணிகளும் கொண்டிகளும் செய்வார்கள். எஃகு தனியாக இருந்தால் நல்லது. அலுமினியம் தனியாக இருந்தாலும் நல்லது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டால் பேட்டரிக்குள் நடப்பது அங்கே நடக்க ஆரம்பிக்கும். எஃகுக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மாவாகும். வெளியே பெயிண்ட் லேசாகக் கொப்புளிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. உள்ளே மரை இருந்த இடத்தில் கூழ்தான் இருக்கும்.

அந்த வெள்ளை மாவை இன்னொரு தடவை பார்க்கக் கூடாது என்பதற்காகவே அவள் வேலையைச் சுத்தமாகப் பழகினாள். கடமையுணர்ச்சி என்று யாராவது பாராட்டினால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு இருந்தது வெறும் அருவருப்பு. ஓட்டை போட்டதும் விளிம்பின் பிசிரைச் சீவி எடுப்பாள். உலோகத் தூள் ஒன்றுகூடக் குழாய்க்குள் தங்காதபடி நல்ல தண்ணீர் விட்டு அலசுவாள். கொண்டிக்கும் பாய்மரத்துக்கும் நடுவே, அச்சு அசலாக அதே வடிவத்தில் வெட்டிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைப்பாள். திருகாணியின் தலைக்கு அடியில் நைலான் வாஷர். பித்தளையையோ செம்பையோ யாராவது பக்கத்தில் கொண்டு வந்தால் கையைத் தட்டிவிடுவாள். பாய்மரத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்ப்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மஞ்சள் பசை.

திருகாணியின் மரை முழுக்க அதைப் பூசித்தான் முடுக்க வேண்டும். உப்புத்தண்ணீர் உள்ளே போகாமல் அதுதான் அடைக்கும். இரண்டு உலோகமும் தொடாமல் அதுதான் விலக்கி வைக்கும். ஆனால் பார்க்கச் சகிக்காது. நாள்பட்ட சளியின் நிறம், சளியின் பிசுபிசுப்பு. தொட்டால் நூலாக இழுபடும். விரலில் பட்டால் சோப்புக்குப் போகாது, துணியில் பட்டால் வெளுக்கப் போட்டாலும் போகாது. அதன் நெடி அவளுக்கு ஆகவே ஆகாது. ஐஸ் குச்சியால் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுவாள். பூசி முடித்து முடுக்கிய பிறகுதான் மூச்சு விடுவாள். என்ன ஜாக்கிரதையாக இருந்தாலும் எங்காவது ஒரு பொட்டு தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும்.

"தலையணை உறையெல்லாம் மஞ்சள் மஞ்சளா கறை. இது தலையா, பெயிண்ட் பிரஷ்ஷா?" என்பான் கணவன்.

"வாயை மூடுங்க. எனக்கே குமட்டுது" என்பாள்.

பசை வருவது பெரிய டப்பாவில். அதைத் திறந்து, மேலே படிந்த தோலை விலக்கி, அள்ளி எடுப்பது அவளால் ஆகிற காரியமில்லை. அண்ணன் செய்து கொடுப்பான். "கொண்டா, நான் ரொப்பித் தரேன். நீ அங்கேயே வாந்தி எடுத்து வெச்சா யாரு கழுவறது?" என்று அவளுடைய சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டு போவான். சின்ன வயதில் பாலாடையை ஆட்டிக் காட்டியவன் இப்போது இவ்வளவு செய்கிறானே என்று அவளுக்கு உள்ளூர நன்றிதான். அவனிடம் பிடிக்காதது எத்தனையோ இருந்தது. சாப்பிட்ட கையைச் சட்டையில் துடைப்பான். காதைக் குடைந்த சாவியை மேஜை மேல் போடுவான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொண்டாள்.

பல் டாக்டரின் படகு அவள் கைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

பல் டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பழைய படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, லீவு நாளெல்லாம் தண்ணீரில்தான் இருப்பார். நகம் ஒட்ட வெட்டியிருக்கும், கை எப்போதும் கழுவிய வாசனை அடிக்கும். சீச்சிக்குப் பார்த்த உடனே பிடித்துப் போயிற்று. பாய்மரத்தில் புதிதாக வின்ச்சும் கொண்டிகளும் பொருத்தச் சொன்னார் டாக்டர். அவள் பொருத்தும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"ஏம்மா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டா வேலை பாக்கறீங்க?"

"இந்த நாத்தம் தாங்காது டாக்டர்."

"நான் நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள மூக்கை வெச்சுக்கிட்டு இருக்கேன். நாத்தத்தை வெச்சே எந்தப் பல்லுல சீழ்னு சொல்லிடுவேன்."

சீச்சிக்கு உடம்பெல்லாம் கூசிற்று. "ஐயோ, சொல்லாதீங்க டாக்டர்" என்று காதைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரித்தார்.

மூன்றாவது கோடையில் அந்தப் படகு திரும்பி வந்தது. வின்ச்சைச் சுற்றி பெயிண்ட் கொப்புளித்திருந்தது. வேனல் கட்டி மாதிரி சின்னதும் பெரிதுமாக. சீச்சி கருவிப்பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனரை வைத்தாள். திருக வேண்டிய தேவையே இருக்கவில்லை. திருகாணி விரலோடு வந்துவிட்டது, ஆடுகிற பால்பல் வருவதைப் போல. அதன் மரை முழுக்க வெள்ளை மாவு. ஓட்டைக்குள் பார்த்தாள். விளிம்பு அரித்து, ஓட்டை கோணல்மாணலாக அகன்று போயிருந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும் வந்தது.

வின்ச்சைத் தூக்கினாள். அடியில் பிளாஸ்டிக் தகடு, அவள் வெட்டியது, அவள் வைத்தபடியே இருந்தது. தகடு மூடியிருந்த இடம் கண்ணாடி மாதிரி சுத்தம். திருகாணி போன ஓட்டைகள் மட்டும்தான் அழுகியிருந்தன. நைலான் வாஷர்கள்கூட அதனதன் இடத்தில் இருந்தன.

வேறு யாரோ செய்த வேலை என்று சொல்ல வழியில்லை. இது அவள் கை. தன் கையால் செய்த ஒன்றிலிருந்து அந்த மாவு கொட்டுவதைப் பார்த்தபோது, கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. திருகாணியைத் தட்டில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் அந்தத் திருகாணியை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"சீ! டாக்டர், கீழ போடுங்க அதை!"

"இருங்கம்மா. இதுல ஏதோ வாசனை வருது. தலைக்கு அடியில கொஞ்சம் பிசுக்கு மிச்சம் இருக்கு பாருங்க. எங்க வீட்டு கார் சக்கரத்தைக் கழட்டினா இதே வாசனைதான் வரும்."

"அது பசை டாக்டர். மஞ்சப் பசை."

"பசைக்கு கிரீஸ் வாசனை ஏன் வருது?"

அந்தப் பசைக்கு என்ன வாசனை என்பதே சீச்சிக்குச் சரியாகத் தெரியாது. வருஷக்கணக்காக அதை முகராமல் இருப்பதற்குத்தானே அவள் பாடுபட்டிருக்கிறாள்.

தன் சின்ன டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோய், வாழ்நாளில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய இழுத்தாள்.

கிரீஸ். சக்கரத்துக்குப் போடுகிற சாதாரண கிரீஸ், கொஞ்சம் பெயிண்ட் நெடியோடு.

விரலை விட்டாள். விரலைச் சட்டென்று தூக்கினால் நூல் இழுபட வேண்டும். இழுபடவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது. பழைய துணியில் துடைத்தாள், போய்விட்டது. சோப்புப் போட்டாள், விரல் பளிச்சென்று ஆயிற்று. அப்போதுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. தலையணை உறையைப் பற்றிக் கணவன் சண்டை போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. "இப்பல்லாம் கறை போயிடுதே" என்று ஒருநாள் சொல்லக்கூடச் செய்தான். சோப்பு மாற்றியதால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அண்ணனின் அறை பட்டறையின் மூலையில். அவன் அவித்த முட்டையை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மீசையில் மஞ்சள் கரு. அவள் டப்பாவை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னண்ணே?"

"உன் பசை."

"மோந்து பாரு."

அவன் மோந்து பார்க்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். பிறகு ஒரு மாதிரிச் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா? பரவாயில்லையே, சீச்சிக்கு மூக்கு வேலை செய்யுது."

"எத்தனை நாளா?"

"அந்தப் பசை வெளியூர்லருந்து வரணும். யானை விலை சொல்றான். கிரீஸும் அதே பிசுக்குதான், அதே வேலையைத்தான் செய்யும். நிறம் மட்டும் வேணும், கொஞ்சம் பெயிண்டைப் போட்டுக் கலக்கினேன். யாரு பாக்கறாங்க உள்ள?"

"கிரீஸ் வெயில்ல உருகி ஓடிடும். அலையடிச்சா கழுவிட்டுப் போயிடும். உனக்குத் தெரியாதா? அப்பா உனக்குச் சொல்லிக் குடுக்கலையா? டாக்டர் படகுல வந்து பாரு, மரையே இல்ல."

"அதுக்கு இப்ப என்ன? ஓட்டையில பட்டி அடைச்சு, பெரிய திருகாணியா போட்டு, மேல பெயிண்ட் அடிச்சுக் குடு. இன்னும் மூணு வருஷம் ஓடும்."

"உனக்கு அசிங்கமா இல்லையா?"

"எனக்கு எதுவுமே அசிங்கம் இல்லடி. அது உன் வியாதி." அவன் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, சட்டையில் கையைத் துடைத்தான். "சொல்லப் போனா அதுதான் எனக்கு வசதி. வேற எவன் பூசினாலும் ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பான். நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டுப் பூசறியே, உனக்கு என்ன தெரியப் போகுது?"

இதை அவன் கொடுமையாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னான், பாலாடையை ஆட்டிக் காட்டிய அதே முகத்தோடு. அதனால்தான் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. டப்பாவை வாங்கி நிரப்பிக் கொடுத்தானே, அந்த ஒரு நல்ல காரியத்துக்காக அவள் எத்தனையைப் பொறுத்துக்கொண்டாள்! அந்த மீசையும், சட்டையும், மேஜை மேல் கிடந்த சாவியும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பட்டறை ஆட்கள் பார்த்தார்கள். சீச்சி குமட்டுவது அவர்களுக்குப் புதிதில்லை என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். எங்கள் பட்டறை ஏமாற்றியது, என் கையால்தான் நடந்தது, எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டுச் சுரண்டி, நல்ல உலோகம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார், சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல.

"கெட்டது எவ்வளவோ அவ்வளவையும் எடுத்துடணும் இல்ல?"

"ஆமா டாக்டர். அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, உள்ள இன்னொரு தகடு குடுத்து ஒட்டுப் போடணும். பட்டி வெச்சு மூடக் கூடாது."

"எடுங்க. நீங்களே எடுங்க. ஆனா பசை நான் வாங்கிட்டு வரேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. தலையணைக் கறை நின்ற நாளிலிருந்து அவள் தொட்ட பாய்மரங்கள் எத்தனை? துறைமுகத்தின் நடைபாலத்தில் போய் நின்றாள். எல்லாப் பாய்மரமும் நிமிர்ந்து நின்றன, எல்லாம் வெள்ளி நிறம், எல்லாம் அழகு. அவற்றில் எந்தெந்த உருப்படி தன் கையால் போனது என்று அவளுக்குப் பார்த்தாலே தெரியும். பார்க்கப் பார்க்க, தோலுக்கு அடியில் புழு ஊர்வதைப் போல இருந்தது. அந்தப் பாய்களில் பாதி அவள் கணவன் தைத்தவை.

ஒவ்வொரு படகாகப் போய்ச் சொன்னாள். சிலர் பயந்துபோய், உடனே கழற்று என்றார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். இன்ஜினியர் ஒருவர், "இதுவரைக்கும் நல்லாத்தானே இருக்கு, நீயே வேலை உண்டாக்கிக்கறியா?" என்று கேட்டார். அவர் கண்ணெதிரே ஒரு திருகாணியை விரலால் இழுத்து எடுத்து, வெள்ளை மாவோடு அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கையை உதறிக்கொண்டு, "சரி, சரி, பண்ணு" என்றார். தொங்கு இருக்கையில் உட்கார்ந்து, கயிற்றில் ஏறி, உச்சிவரை போய் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சமீபத்தில் போட்டவை நன்றாகவே இருந்தன. கொஞ்சம் பழையவற்றில் மாவு கட்டத் தொடங்கியிருந்தது. காற்றில் அந்தத் தூள் பறந்து உதட்டில் ஒட்டும். துப்பித் துப்பி அவள் வாய் காய்ந்து போகும்.

அண்ணி வீட்டுக்கு வந்து அழுதாள். "ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு வர்றியாமே. உங்க அண்ணனை நடுத்தெருவுல நிறுத்தத்தான் பாக்கறியா? கூடப்பிறந்தவதானா நீ?"

"அண்ணி, நான் அவரைப் பத்தி எதுவும் சொல்லல. திருகாணியைத்தான் எடுத்துக் காட்டறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்!"

"ஒண்ணுதான் அண்ணி" என்றாள் சீச்சி. வேறு என்ன சொல்வது? அண்ணி கண்ணீரையும் மூக்கையும் ஒரே முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சீச்சி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

ஒரு படகுதான் அகப்படவில்லை. ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் அதில் நீண்ட பயணம் போயிருந்தார்கள். போன் போகவில்லை. வழியில் இருந்த ஒவ்வொரு துறைமுகத்துக்கும் சொல்லி வைத்தாள். செய்தி அவர்களுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் காற்று முந்திக்கொண்டது. பாயின் அடிக்கழியைத் தாங்கும் இணைப்பு பாய்மரத்திலிருந்து அப்படியே பிய்ந்து, கழி சுழன்று வந்து அந்த அம்மாவின் முன்கையில் அடித்திருக்கிறது. எலும்பு முறிவு. இன்ஜினைப் போட்டுக்கொண்டு எப்படியோ கரை வந்து சேர்ந்தார்கள்.

சீச்சி பார்க்கப் போனாள். சின்ன வீடு. கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுக்கு மேலே விரல்கள் வீங்கி, ஊதா நிறமாக இருந்தன. தபால்காரர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நீதான் பொருத்தினியா?"

"ஆமாங்க. நான்தான்."

"பசைன்னு சொல்லி வேற எதையோ பூசிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"பூசினதும் நான்தான்."

அவர் திட்டினார். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். எச்சில் தெறித்தது. அவள் பின்னால் நகரவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை. கட்டிலிலிருந்து அந்த அம்மாதான், "போதுங்க. அந்தப் பொண்ணு வந்து நிக்குதே, வர வேண்டியவன் வரலையே" என்றார். அந்த 'வர வேண்டியவன்' வரவே இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஆள் மூலம் எதையோ கொடுத்தனுப்ப, தபால்காரர் அதைத் தெருவில் வீசினார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

அதற்கு மேல் பட்டறையில் அவளால் இருக்க முடியவில்லை. தன் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணன் தடுக்கவில்லை. "எங்க போனாலும் உன் மூக்கு உன்கூடத்தானே வரும்" என்றான். கணவனின் பாய் தைக்கும் கொட்டகையில் ஒரு ஓரத்தைத் தட்டி போட்டு மறைத்து, அங்கே தாங்கிகளை வைத்தாள். பல் டாக்டரின் படகுக்கு ஒட்டுப் போட்டு முடித்தாள். தபால்காரருக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்தாள். வெளியே கிடத்தி வைத்த பாய்மரத்தைத்தான் அவர் காட்டினார், வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு திருகாணியையும் அவரே கழற்றி, மரையில் பசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி முடுக்கச் சொன்னார். அவள் முடுக்கினாள். கொட்டகையில் உலோகச் சீவல் பறந்து பாய்த்துணியில் குத்துகிறது என்று கணவன் தினமும் சண்டை. தட்டியை உயர்த்திக் கட்டினார்கள். சண்டை குறையவில்லை.

புதுப் பசை டப்பாவை இப்போது அவளேதான் திறக்கிறாள். அந்தத் தோலை விலக்கும்போது இன்றைக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது. பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

அண்ணனின் பட்டறைக்குப் படகு வருவது குறைந்தது. நின்றுவிடவில்லை. சொன்ன விலைக்கு வேலை வேண்டும் என்பவர்கள் எங்கும் இருப்பார்கள். பாய்மர வேலையை விட்டுவிட்டு, பழைய இன்ஜின் வாங்கி விற்க ஆரம்பித்தான் என்றார்கள். இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் அவன் செருமிக்கொண்டு போவான், அவள் போனைப் பார்ப்பாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு பகல் வேளை, அவன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். கையில் ஒரு பொட்டலம். உள்ளே வந்து, அவள் வேலை மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கணவன் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"தபால்காரர் வீட்டுக்குப் போனேன்" என்றான் அண்ணன்.

"எதுக்கு?"

"சும்மா. போய் நின்னேன்."

"திட்டினாரா?"

"கதவைத் திறக்கல. அந்த அம்மா ஜன்னல் வழியா பாத்தாங்க. கை இன்னும் நேரா நீட்ட வரலியாம்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே இரண்டு பன். ஒன்றைப் பிட்டு அவளிடம் நீட்டினான். நகத்துக்கு அடியில் கறுப்பு, விரல் ரேகை முழுக்க இன்ஜின் எண்ணெய். பன்னின் வெள்ளையில் அவன் கட்டைவிரல் அச்சு விழுந்திருந்தது.

"கையைக் கழுவிட்டு வாண்ணே" என்றாள்.

அவன் வாக்குவாதம் செய்யவில்லை. குழாயடிக்குப் போனான். அவளுடைய சோப்பை எடுத்து நெடுநேரம் தேய்த்தான். திரும்பி வந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைக்கப் போனவன் நிறுத்தி, கையை அப்படியே காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கணவன் ஒரு துண்டுத் துணியை எடுத்து வீசினான். அவன் துடைத்துக்கொண்டு, இன்னொரு பன்னைப் பிட்டு நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். வாய்வரை கொண்டுபோனாள். முட்டைக் கரு ஒட்டிய அந்த மீசை கண்ணுக்குள் வந்து நின்றது. பன்னைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, பாதியில் விட்ட திருகாணியை எடுத்துக்கொண்டாள். அவன் தன் பங்கைத் தின்று முடித்தான். மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவளும் அவனைப் போகச் சொல்லவில்லை.